கரைவலைக்குள் ஆவுளியா

கரைவலையின் மடி, மீன் சேரும் அந்தப் பை, இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும், உள்ளே ஏதோ பெரிதாகப் புரண்டது.

சாம்பல் நிற முதுகைப் பார்த்ததும் வலைக்காரர் காளிராஜுக்கு விளங்கிவிட்டது. கடல்பசு. தொண்டிக் கரையில் ஆவுளியா என்பார்கள்.

கரையில் இரண்டு பக்கமும் கயிறு இழுத்தவர்களை நிறுத்தச் சொன்னார்.

"இழுக்காதீங்கப்பா. தண்ணிக்குள்ளயே கெடக்கட்டும். மேல வந்தா செத்துரும்."

இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

ஆனால் ஆவுளியா மீனைப் போலத் தண்ணீரில் மூச்சு விடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை முகத்தை மேலே நீட்டியாக வேண்டும். நீட்டினால் மூக்குத் துவாரங்கள் திறக்கும். முங்கினால் தாமாகவே மூடிக்கொள்ளும். இப்போது வலை அதை மேலே வரவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

கயிறு இழுத்துக்கொண்டிருந்த அம்மார் ஓடிவந்து, வலையோடு சேர்த்து அதன் முகத்தைத் தூக்கிப் பிடித்தான்.

"மீனில்லண்ணே இது. நம்மள மாதிரிதான், முக்கி வச்சா மூச்சு முட்டிரும். மடிய அறுங்க."

மீன் எடுக்க வந்திருந்த ஹமீதா பானு கரையிலிருந்தே வனத்துறைக்குப் போன் போட்டாள். கிளம்பிவிட்டார்களாம்; வந்துசேர நேரமாகும்.

காளிராஜ் கத்தியை எடுத்தார். மடி போனால் கயிறு இழுக்கும் அத்தனை பேருக்கும் நாளைக்குப் பிழைப்பில்லை. அது வெளியேறும் அளவுக்கு மட்டும் மேல்பக்கம் கிழித்தார்.

ஆவுளியா அந்த வழியே எழுந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது. உடனே மடிக்குள்ளேயே திரும்பிப் போனது.

மறுபடி வந்தது. மறுபடி உள்ளே.

"கதவத் தொறந்து விட்டா, வீட்டுக்குள்ள போயிப் படுக்குது" என்றார் காளிராஜ். "கிறுக்கா இதுக்கு?"

ஒருவன் வாலைப் பிடித்து வெளியே இழுக்கப் போனான். அம்மார் அவன் கையைத் தட்டிவிட்டான். அந்தக் கனத்தை வாலில் இழுத்தால் முதுகெலும்பு தாங்காது.

"முழுசா அறுங்கண்ணே."

காளிராஜ் மடியைப் பார்த்தார். உள்ளே அன்றைய மீன்பாடு முழுவதும் வெள்ளியாய்த் துள்ளிக்கொண்டிருந்தது.

கத்தியைப் பாய்ச்சி அடிவரை இழுத்தார்.

மீன்கள் சிதறி ஓடின. ஆவுளியா வெளியே வந்து, ஓடாமல் நின்றது. எல்லோரும் விலகி நின்றார்கள்.

மடிக்குள்ளிருந்து இன்னொரு சின்ன முகம், அதன் முதுகை ஒட்டி மேலே வந்து மூக்கைத் திறந்தது.