நகர்ந்துகொடுக்கும் சீட்

மின்சார லாரியின் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், சின்ன பேட்டரி செத்துவிட்டால் வண்டி விழிக்காது. கஸ்பார் இறந்த பிறகு லாரி ஓடவில்லை. ஆனாலும் அவன் மனைவி பிரகாசி அந்தச் சின்ன பேட்டரிக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகச் சார்ஜ் ஏற்றிவந்தாள். அவன் செய்தபடியே சிவப்புக் கிளிப்பை முதலில் மாட்டுவாள், கறுப்பைப் பிறகு. தினமும் கதவைத் திறப்பாள். டிரைவர் சீட் மெல்ல முனகியபடி, அவன் பதிந்துவைத்த அளவுக்குத் தானாகப் பின்னால் போய், அவனுடைய நீண்ட கால்களுக்கு இடம் விட்டு நிற்கும். அவள் ஏற மாட்டாள். பார்த்துவிட்டுச் சாத்துவாள்; சீட் முன்னால் திரும்பிவிடும்.

தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது சார்ஜரைக் காணவில்லை.

“ஆளில்லாத நேரம் தீப்பிடிச்சிரக் கூடாதுன்னு பேட்டரியவே கழத்தி வச்சிட்டேன் மதினி,” என்றான் கொழுந்தன் ரோச். “இப்பதான் திரும்ப மாட்டுனேன். பழைய செட்டிங் எல்லாம் அழிஞ்சிட்டு. சீட்டு முன்னால வந்து நின்னுட்டு. மத்தபடி வண்டி நல்லாத்தான் இருக்கு.”

அவள் கதவைத் திறந்து காத்திருந்தாள். சீட் அசையவில்லை. பிறகு முதல்முறையாக ஏறி உட்கார்ந்தாள். பாதம் பிரேக்கில் சரியாகப் படிந்தது.

“உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மதினி.”

பிரகாசி பிரேக்கிலிருந்து பாதத்தை எடுத்து, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டாள்.