தெருவில் ஒரே ஓர் ஆன்டெனா

“டிவி லைசென்ஸ் செக் பண்ற ஆளு வந்துகினு கீறாரு! பக்கத்துத் தெருவ முடிச்சிட்டாரு!”

எதிர்வீட்டு டெய்லர் அமீருதீன் கத்தியதுதான் தாமதம், கஜபதி சாப்பிட்ட கையோடு மொட்டைமாடிக்கு ஓடினார். ஆன்டெனாவைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் போனவரின் பனியனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள் பஞ்சவர்ணம்.

“கைய எடுய்யா. அது அங்கியே நிக்கட்டும்.”

“ஃபைன் போட்டுத் தாளிச்சிடுவாண்டி!”

“போடட்டும். பயந்துகினு எறக்குனா, லைசென்சு கட்டக்கூட வக்கில்லாத ஊடுன்னு சுசீலா அவங்க அண்ணங்கிட்ட ஓதிடுவா. அப்பறம் சம்பந்தம் கோவிந்தா!”

பக்கத்து வீட்டு சுசீலாவின் அண்ணன் மகனுக்குத்தான் இவர்கள் பெண்ணைப் பேசியிருந்தார்கள். பையனுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை, நசரத்பேட்டையில் சொந்த வீடு. பேச்சு ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. கஜபதி வீட்டு மாடியில் ஆன்டெனா ஏறியும் இரண்டு மாதம்தான். ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்ற வேண்டும்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். சைக்கிளுக்கு வரி கட்டி மாட்டும் வில்லை, ரேடியோவுக்கு லைசென்ஸ், டிவிக்குத் தனியாக இன்னொரு லைசென்ஸ். அதன் கட்டணத்தையும் ஏற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு வேறு. மூச்சு விடுவதற்குத்தான் இன்னும் ரசீது போடவில்லை என்று பருத்திப்பட்டு ஊரே புலம்பிக்கொண்டிருந்தது. புலம்பினார்களே தவிர, ஒருத்தரும் கட்டவில்லை.

ஐந்தே நிமிஷத்தில் தெரு தலைகீழானது. அமீருதீன் ஆன்டெனாவைப் பிடுங்கிக் கோழிக்கூண்டின் மேல் போட்டுச் சாக்கால் மூடினார். சுசீலா தன் வீட்டு ஆன்டெனாவில் இரண்டு ஈரப் புடவையையும் ஒரு பாவாடையையும் உலர்த்திவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். பிள்ளை வீட்டாருக்கு அந்தச் சலுகை உண்டு.

இன்ஸ்பெக்டர் தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரே ஓர் ஆன்டெனா. சைக்கிளை நேராகக் கஜபதி வீட்டு வாசலுக்கு விட்டார்.

அதற்குள் பஞ்சவர்ணம் ஒரு கொத்து வேப்பிலையைக் கதவில் செருகியிருந்தாள். “உள்ள வராதீங்க சார். பொண்ணுக்கு அம்மை போட்டிருக்கு.”

“எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சும்மா. நகருங்க.”

“அம்மையா?” சுசீலா கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். “இன்னாக்கா சொல்றே? காலைலகூட கொழாயாண்ட தண்ணி புடிச்சிகினு இருந்திச்சே!”

பஞ்சவர்ணத்துக்கு அந்தக் கீரையை அவள் வாயிலேயே திணிக்கலாம் போல இருந்தது. வருங்காலச் சம்பந்தியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

கஜபதி சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். சட்டைப் பையில் இருந்த நோட்டையெல்லாம் எடுத்து நீட்டினார். “சார், தப்புதான். லைசென்ஸ் எடுக்கல. இன்னா ஃபைனோ இங்கியே வாங்கிகினு கெளம்புங்க. உள்ள மட்டும் வேணாம்.”

இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருஷ சர்வீஸில் ஃபைனைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சிய ஆளை அவர் பார்த்ததே இல்லை. “பார்க்காம எழுத முடியாதுய்யா. எந்தக் கம்பெனி டிவி, என்ன நம்பர்னு ஃபாரத்துல கேட்டிருக்கு. ஃபாரின் செட்டா? கலரா?”

“கலரா!” சுசீலா வாயைப் பிளந்தாள். “அதான் யாருக்கும் காட்டாம வெச்சிகினு கீறாங்களா!”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெள்ளிக்கிழமை பாட்டுப் போடும் நேரத்தில் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். இவர்கள் மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாங்காட்டு அம்மனைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அந்த பக்தியைச் சுசீலாவே தன் அண்ணனிடம் மெச்சியிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார். பின்னாலேயே நுழையப் பார்த்த சுசீலாவின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார் கஜபதி. பெண்ணின் வாழ்க்கை போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

கூடத்து மூலையில், கிளி எம்பிராய்டரி போட்ட துணியால் மூடி, மேலே பிளாஸ்டிக் ரோஜா வைத்து, கம்பீரமாக இருந்தது அது.

“சார், வேணாம் சார்,” என்றாள் பஞ்சவர்ணம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

இன்ஸ்பெக்டர் ரோஜாவை எடுத்து ஓரமாக வைத்தார். துணியின் ஒரு முனையைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். பிறகு துணியை விட்டுவிட்டு, கஜபதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே தெருவே கூடிவிட்டது. ஜன்னல் பக்கமிருந்து சுசீலாவின் குரல் கணீரென்று கேட்டது. “இன்னா சார், எந்தக் கம்பெனி?”

கஜபதி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார்.

“எதுனா ஒரு கம்பெனி பேர எழுதி ஃபைன் போட்டுடுங்க சார்... டிவியே இல்லன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க!”