ராமுடுவின் ஞாபகம்

"ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம் சார். இது சீக்கு இல்ல, ஞாபகம்!" என்றான் கோவர்த்தனன்.

ஆறு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் பாலசமுத்திரத்தில் வந்து இறங்கியிருந்தான். மாட்டுக் கொட்டகைக்குள்ளும் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை.

எதிரே மயிலைக் காளை தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தடுமாறியது.

மாட்டு டாக்டர் தொட்டியிலிருந்த கடலைக்கொடியை அள்ளி முகர்ந்தார். "மழையில நனைஞ்சி பூஞ்சை புடிச்சிருக்கு. அந்த விஷம் மூளைக்கு ஏறினா இப்படித்தான் ஒரே பக்கமா சுத்தும். இன்னிக்கே திருப்பதி மாட்டாஸ்பத்திரிக்கு ஏத்தினா பிழைக்கலாம். விட்டா படுத்துடும்."

"எங்க கரும்பாலையில செக்கு சுத்தின ராமுடு சார் இது! மெஷின் வந்து ஆலை போச்சி, இவன் மட்டும் மறக்கல. அதே இடப்பக்கம், பாரு!" கோவர்த்தனன் மூச்சை இழுத்து மோந்தான். "பாகு கொதிக்கிற வாசனை எனக்கே இப்ப அடிக்குது."

பக்கத்து வீட்டு லட்சுமம்மா, அடுப்பில் வைத்த சோற்றை மறந்து வேலியோரம் வந்து நின்று வெகுநேரமாகியிருந்தது. "ஆமா நைனா, கொட்டாங்குச்சில சுடச்சுட பாகு ஊத்திக் குடுப்பாங்க. நாக்கு வெந்தாலும் துன்னுவோம்."

"எறங்கின ஒடனே என் கைய நக்கிச்சிக்கா! என்னை மறக்கல!"

"நக்கும், நக்கும்" என்றவள், அவன் அப்பா வெங்கடசாமியைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"மாடு உங்களுது. சொல்றத சொல்லிட்டேன்." டாக்டர் ஸ்கூட்டரை உதைத்தார்.

காளையின் முன்னங்கால் மடிந்தது.

வெங்கடசாமி ஓடிப்போய் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டார். "போவாதீங்க சார்! டேய், ஓடிப்போய் டெம்போவ இட்டுக்கினு வா!"

"ஞாபகத்துக்கு எதுக்கு நைனா டெம்போ?"

"ஞாபகமாவது மண்ணாவது! போன் பண்ணா எங்கள விட்டுட்டு ராமுடுவத்தானே விசாரிச்ச? அது நீ பிளேன் ஏறின வருசமே செத்துப்பூட்ச்சிடா! நீ வரேன்னதும் அதே நெறத்துல தேடி, போன மாசம் சந்தையில புடிச்சிக்கினு வந்தேன். இது கரும்பாலைய கண்ணால கூட பாத்ததில்ல!"