எந்தக் கதவும் பொருந்தவில்லை

"இது தேறாது" என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். "கதவோட ரோலர் தேஞ்சிருக்கு பாருங்க. நம்ம வேனுக்குச் சரிப்படாது."

பெற்ற பிள்ளையைக் குறை சொன்னதுபோல் பழைய பார்ட்ஸ் கடைக்காரரின் முகம் சுருங்கியது. போன கடையில் லாக் சரியில்லை என்றார். அதற்கு முந்தைய கடையில் துரு. ஒரு ஸ்க்ரூவை நேராக முடுக்கத் தெரியாத மனிதர், அன்று கதவு சாஸ்திரத்தையே கரைத்துக் குடித்தவர்போல் பேசிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அவர் மனைவி, கையில் ஊன்றுகோலும் தோளில் கைப்பையுமாக நின்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு அக்கா வீட்டில் படுத்திருந்தவள், முந்தாநாள்தான் கட்டுப் பிரித்து வீடு திரும்பியிருந்தாள்.

வந்ததும் முதல் பேச்சே அதுதான். "திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது. பிள்ளைங்க ஏறுற பக்கத்துக் கதவு சரியா மூடாம இருந்துச்சே, பழசுல ஒண்ணு பார்த்து மாத்திடணும். வேன் எங்கங்க?"

"ஷெட்ல விட்டிருக்கேன்" என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஷெட்டில் வேன் இல்லை. எங்குமே இல்லை. 'நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க' என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியும், ஆசைக்கு ஒரு சுற்று என்று எடுத்துப் போய்ப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டார். அவர் மேல் ஒரு கீறல் விழவில்லை. வேன் அப்பளமாகிவிட்டது; முன்கண்ணாடியில் பிள்ளைகள் கட்டிவிட்ட மஞ்சள் கம்பளி வாத்து மட்டும் முழுசாகத் தொங்கியது. 'எடைக்குத்தான் போடணும்' என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் வெட்கம் தடுத்தது. பொருந்துகிற கதவு கிடைக்காதவரை வேனைக் காட்ட வேண்டியதில்லை. அதற்குத்தான் இத்தனை நொட்டையும் நொள்ளையும்.

"அடுத்த கடைக்குப் போலாமா?" என்றாள்.

"கால் வலிக்குமேம்மா. நீ வீட்டுக்குப் போ, நான் பார்த்துக்கறேன்."

"பரவால்ல, நடங்க."

இரும்புக் குவியல்களுக்கு நடுவே அவள் விந்தி விந்தி நடப்பதைப் பார்க்க அவருக்குக் கூசியது. சோப்புக் கட்டிக்கே பேரம் பேசுகிறவள், அன்று எந்தக் கதவுக்கும் விலை கேட்கவில்லை. நம்மை இவ்வளவு நம்புகிறாளே என்று நினைத்தபோது கூனிக் குறுகிப் போனார்.

அந்தத் தெருவில் கடைசிக் கடை அது. கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். ரோலர் வழவழவென்று உருண்டது, லாக் 'டக்'கென்று விழுந்தது, துரு பேருக்கும் இல்லை.

"அதே மாடல், அதே பக்கம், அதே வெள்ளை. வண்டியக் கொண்டாங்க சார், இங்கயே மாட்டித் தர்றேன்."

அவர் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வந்து... இந்த வெள்ளை கொஞ்சம் வேற வெள்ளையா இருக்கே."

"வெள்ளையில என்ன சார் வேற வெள்ளை?" கடைக்காரர் சிரித்தேவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. அங்கே கிடந்த பழைய சீட் ஒன்றில் உட்கார்ந்து, வீங்கிய காலை மெல்ல நீட்டிக்கொண்டாள். கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மஞ்சள் கம்பளி வாத்து.

"மெக்கானிக் அன்னைக்கே அக்கா வீட்டுக்கு வந்து இதக் குடுத்துட்டு, வண்டி போச்சு, உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். குரல் உயரவே இல்லை. "நீங்க வாயத் திறக்க இன்னும் எத்தனை கடைங்க ஏறி இறங்கணும்?"