சீசரின் வருத்தம்

"டொக்டர், இவனை எப்பிடியாவது காப்பாத்துங்கோ!"

முல்லைத்தீவு மிருக வைத்தியரின் மேசையில் சீசரைக் கிடத்தியபோது யூட்டின் குரல் உடைந்தது. நேற்றுக் காலையிலிருந்து நாய் வாயைத் திறக்கவில்லை. விடிந்ததும் கடலுக்குக்கூடப் போகாமல் ஓட்டோ பிடித்து வந்திருந்தான். கூட வந்த மனைவி றெஜினா சுவரோரக் கதிரையில் இருந்தாள்.

டொக்டர் தாடையை மெல்ல அழுத்திப் பார்த்தார். "மெல்லுற தசையில அழற்சி. அதுதான் வாய் திறக்கேலாமல் நோகுது. வேற ஏதும் வருத்தம் இருக்கோ?"

யூட் நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். றெஜினாதான் பதில் சொன்னாள்.

"இருந்தா எழும்ப ஏலாது, டொக்டர். தொடை ரெண்டும் ஒரே நோ. சாப்பாடு விழுங்கேக்க புரைக்கேறும்."

"எவ்வளவு காலமா?"

"மாரிக்கு முன்னமே தொடங்கினது."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்ல?" யூட் அவள்மேல் பாய்ந்தான்.

"சொன்னனான். சோம்பலெண்டு சிரிச்சனீங்கள்."

யூட் நாயைக் கட்டிப்பிடித்து அழுதான். "என்னை மன்னிச்சுக்கொள்ளடா ராசா!"

டொக்டர் சீசரை நிலத்தில் இறக்கிவிட்டார். அது வாசல்வரை துள்ளி ஓடி, வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

"குளிசை குடுத்தா வாய் சரிவரும். கால் நல்லாத்தானே இருக்கு," என்ற டொக்டர் குழப்பத்தோடு நிமிர்ந்தார். "அப்ப ஆருக்கு எழும்ப ஏலாது?"

றெஜினா கதிரையின் கைப்பிடிகளைப் பற்றி எழும்பப் பார்த்தாள். பாதியிலேயே மறுபடி கதிரையில் விழுந்தாள்.

"எனக்குத்தான், டொக்டர். என்னையும் ஒருக்காப் பாப்பீங்களோ?"