கேசட்டின் மறுபக்கம்

“ரேடியோவுல இருந்தா வர்றீங்க?” என்றாள் பாப்பம்மாள்.

“ஆமாம்மா” என்று கூசாமல் சொன்னான் உபகாரம். டேப் ரெக்கார்டரைப் பாயில் இறக்கி வைத்தான். பாச்சலூரில் நடவுக்கும் தொட்டிலுக்கும் சாவுக்கும் இவள் குரல்தான் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். இவள் மகள் சொல்லியிருக்கிறாள்.

அந்த மகள் வடிவு, அவன் மனைவி. கொடைக்கானல் மாதா கோயிலில் தாலி கட்டி மூன்று வருடம் ஆகிறது. ‘வேதக்காரனோட போனவ எனக்கு மகளே இல்ல’ என்று சொன்ன பாப்பம்மாள் மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது வடிவு கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கேட்டதை வாங்கிக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான். “அம்மா தாலாட்டை ஒரு தடவ கேக்கணுங்க.”

ஆள் அனுப்பிப் பார்த்தான். ‘செத்துப்போனவளுக்கு என்னத்துக்குத் தாலாட்டு?’ என்று பதில் வந்தது. அதனால்தான் இந்த வேஷம். டேப் ரெக்கார்டர் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மாஸ்டரிடம் இரவல் வாங்கியது.

“மொதல்ல இது பேசுதான்னு பாப்போம்” என்றாள் பாப்பம்மாள். அவன் பொத்தானை அமுக்கினான். கேசட்டில் மாஸ்டர் பிடித்து வைத்திருந்த கன்ட்ரி பாட்டு கிளம்பியது. கொடைக்கானல் பையன்கள் பாதிப் பேர் வெள்ளைக்காரர்களிடம் கிடாரோடு சேர்த்துக் கற்றுக்கொண்ட பாட்டு அது. உபகாரமும் வாசிப்பான்.

வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். “ஏத்தா, வெள்ளக்காரனும் ஒப்பாரி வைப்பானா?”

“ஒப்பாரி இல்லம்மா. ஊரை விட்டுப் போனவன் ஆத்தாளை நெனச்சுப் பாடுறான்.”

“போகையில நெனைக்கலையாக்கும்?” என்றாள் பாப்பம்மாள். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரிப்பில் புரையேறியது.

உபகாரம் கேசட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டான்.

“எதை வேணும்னாலும் கேளுங்க, ஒப்பாரி மட்டும் கேக்காதீங்க” என்றாள் பாப்பம்மாள். “ அது செத்தவுகளுக்கு. உசுரோட இருக்கவுகளுக்கு வாயத் தொறக்க மாட்டேன்.”

“தாலாட்டு போதும்மா.”

“ஆம்பளப் புள்ளைக்கா, பொம்பளப் புள்ளைக்கா?”

“பொம்பளப் புள்ளை.”

“பேரு? பேரு சேத்தாத்தான் பாட்டு வரும்.”

பொய்ப் பேர் ஒன்று வாயில் தயாராக இருந்தது. ஆனால் வடிவு தன் பேரைக் கேட்க வேண்டாமா? “வடிவுன்னு வச்சுக்கோங்க” என்றான்.

பாப்பம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் மடியில் கிடந்த கொடைக்கானல் ஸ்வெட்டரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணை மூடினாள்.

“ஆராரோ ஆரிரரோ
     அடி வடிவு என் கண்ணே
பச்சோலைத் தொட்டில் கட்டிப்
     பன்னீரு தெளிச்சு வச்சேன்
நாலு பேரு ஏந்தி வர
     நல்லாத் தூங்கு என் மகளே…”

மாதா கோயில் பாட்டும் கிடாரும் கேட்டு வளர்ந்த உபகாரத்துக்கு ஊர்ப்பாட்டு பழக்கமில்லை. நாலு பேர் என்றால் தாய்மாமன்மாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போனாள்.

பாட்டு முடிந்ததும் பாப்பம்மாள் அவனிடம் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினாள். “குடிச்சிட்டு வெரசாக் கெளம்புங்க. மலையில பனி எறங்கிரும். அவ காத்துக்கிட்டு இருப்பா.”

உபகாரம் சொம்பைக் கீழே வைத்தான். தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டுதான் பாடியிருக்கிறாள். ஒட்டன்சத்திரத்தில் பஸ் மாறி மலை ஏறும்வரை, டேப் ரெக்கார்டரை மடியில் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதான்.

வடிவு விழித்துத்தான் இருந்தாள். கேசட்டை ஓடவிட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான். ஆராரோ என்று அம்மாவின் குரல் வந்ததும், பல நாளாகக் காணாத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. பச்சோலை வந்த இடத்தில் அது நின்றது. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

“உன் பேரைச் சொல்லிப் பாடியிருக்காங்க, கேட்டியா?” உபகாரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “என்னை யாருன்னு தெரிஞ்சுபோச்சு வடிவு. உனக்குன்னு தெரிஞ்சுதான் பாடுனாங்க.”

“தெரிஞ்சுதாங்க பாடியிருக்கு” என்றாள் வடிவு. “இது ஒப்பாரி.”