கறுப்பை மட்டும்தான் பிடிக்கும்

"மீசைக்குத் தினமும் எண்ணெய் தடவுவியா?"

ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி அவளிடம் கேட்டது. வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், மேலுதட்டைக் கையால் மூடிக்கொண்டு.

அந்தக் கை பிறகு இறங்கவேயில்லை. பள்ளிக்கூடம் போவதுதான் நின்றுபோனது.

ஏன் நின்றாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, போன வாரம் அத்தையிடம் சொல்லும்வரை. அத்தை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள். "கிளம்பு."

இப்போது முடி நீக்குகிற லேசர் அறையின் உயரமான கட்டிலில், கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். அதே கையால் வாயைப் பொத்தி, வருகிற சிரிப்பை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

காரணம் அத்தைதான். கண்ணுக்குப் பாதுகாப்பாகக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை வந்ததும் வராததுமாக மாட்டிக்கொண்டு, வெல்டிங் பட்டறைக்கு ஆள் வந்தது போல் நிற்கிறாள்.

"சிரிக்காதடி. வாயைத் திறந்தா பல்லுல பட்டுடும்."

உள்ளே தள்ளியதெல்லாம் பீறிட்டு வெளியே வந்தது.

அத்தைக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னல். அந்தச் சின்ன ஓட்டை வழியாக ஊரையே அதட்டுகிறவள். வண்டி எப்போது வரும் என்பதைத் தவிர வேறு எதையும் அவளிடம் கேட்க யாருக்கும் துணிச்சல் கிடையாது.

இவளுக்குத் தையல் கடையின் பின்னறை. பட்டன் துளை தைக்கிற வேலை. துணிகள் அவள் முகத்தைப் பற்றி ஒன்றும் நினைப்பதில்லை.

அதற்கும் ஆபத்து வந்தது. திங்கட்கிழமை முதல் முன்னால் வந்து அளவு எடுக்கச் சொல்லிவிட்டாள் கடைக்கார அம்மா. அளவெடுப்பதென்றால் கழுத்தைச் சுற்றி நாடா போட வேண்டும். ஒரு சாண் தூரத்தில் இன்னொரு முகம் இருக்கும். நாடா பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

லேசர் போட்டால் முன்பக்கம். இல்லையென்றால் வேலையே வேண்டாம். இதுதான் அவள் முடிவு. ஆனால் அந்தக் கருவியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

முதல் தடவை வந்தபோதே லேசர் போடும் பெண் எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். ஒரே தடவையில் போகாது, ஆறேழு தடவை வர வேண்டும். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும்.

"சொந்தக்காரங்க மாதிரி," என்றாள் அத்தை.

"வேர்ல இருக்கற கறுப்பைத்தான் மேடம் லேசர் பிடிக்கும். அதனால பிடுங்கிட்டு வராதீங்க, மழிச்சுட்டு வாங்க."

"வெள்ளையா இருந்தா?" அத்தை சும்மா கேட்பது போல்தான் கேட்டாள்.

"வெள்ளையைப் பிடிக்காது மேடம்."

அன்று வீடு வரும்வரை அத்தை வாயே திறக்கவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், உடம்பு சரியில்லையோ என்று.

இன்று காலை இவளுடைய கண்மைப் பென்சிலை வேறு காணவில்லை. பார்க்கிறவர்கள் உதட்டை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்கட்டும் என்று தினமும் போடுகிற மை. வெறுங்கண்ணோடு வந்திருந்தாள்.

"ஆரம்பிக்கலாமா?" லேசர் போடும் பெண் கருவியைக் கையில் எடுத்தாள்.

கட்டிலில் இருந்தவளின் கை மறுபடியும் உதட்டுக்குப் போனது.

"இவ பயந்தாங்கொள்ளி," என்றாள் அத்தை. "முதல்ல எனக்குப் போட்டுக் காட்டும்மா, பார்த்துத் தைரியம் வரட்டும்." அவளை இடித்து நகர்த்திவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். "இங்க. தாடையில."

"கையில வச்சே காட்டறேனே மேடம்."

"தாடையில."

அது விசாரணை ஜன்னல் குரல்.

லேசர் போடும் பெண் பஞ்சை நனைத்து அத்தையின் தாடையைத் துடைத்தாள். பஞ்சு கறுப்பாக வந்தது.

இன்னொரு பஞ்சு எடுத்தாள். அதுவும் கறுப்பு.

விளக்கை முகத்தருகே தாழ்த்தினாள். துடைத்த இடத்தில் உப்பைத் தூவினது போல் வெள்ளை வெள்ளையாய், மழித்த முடியின் நுனிகள்.

மூன்று பேரும் அந்தப் பஞ்சையே பார்த்தார்கள். கண்மை எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குளிக்கப் போனால் அத்தை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அத்தனை நேரம் என்ன செய்கிறாள் என்பதும்.

"ஏமாந்துடும்னு நெனச்சேன்," என்றாள் அத்தை கூரையைப் பார்த்து. "மெஷினுக்கு என்ன தெரியும்."

இவளுக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது சிரிப்பு. அத்தை முறைத்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து முறைத்தது யாருக்குத் தெரியும். பிறகு அத்தையின் வயிறும் குலுங்கத் தொடங்கியது, கட்டில் கிரீச்சிட்டது.

"எப்பலேருந்து அத்தை?"

"உன்னை எண்ணெயோட விட்டாங்க. எனக்குச் சீப்பே வாங்கிக் குடுத்தாங்கடி, வகுப்பே காசு போட்டு."

மூச்சு முட்டியது. கண்ணில் நீர் வழிந்தது. அவள் குனிந்து, மிச்ச மையைத் துடைத்துவிட அத்தையின் தாடையைப் பிடித்தாள். சிரிப்பில் தாடை நழுவிக்கொண்டே இருந்தது.

"அப்ப யாருக்கு மேடம் போடட்டும்?"

"நான் திங்கக்கிழமை கடைக்குப் போயிட்டு வந்து சொல்றேங்க," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் கவனித்தாள். ஒரு சாண் தூரத்தில் அத்தையின் முகம். அவளுடைய இரண்டு கையும் அதன்மேல்.

லேசர் போடும் பெண் கருவியை அணைத்தாள். பஞ்சு டப்பாவை முழுசாகக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். தன் தாடையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.